இருபது நிமிட அடுப்படி

“ஏனுங்க, அடுப்பு எங்கீங்க?” என்று கேட்டாள் யோகப்பிரியா.

தோட்டத் தொழிலாளி பெரியமுத்து தலையைச் சொறிந்தான்.

பாரம்பரியக் கட்டடங்களைக் கணக்கெடுக்க வந்த அரசாங்கப் பெண் அவள். பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்காரி என்பதைப் பேச்சே காட்டிக்கொடுத்தது. அவள் பட்டியலில் சேர்ந்தால் இந்தப் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தை யாரும் இடிக்க முடியாது. சேராவிட்டால், ஒட்டிக்கட்டிய பத்து வீட்டையும் தோட்டக் கம்பெனி வருகிற மாதம் தரைமட்டமாக்கிவிடும்.

அதற்காகத்தான் பத்து வீட்டாரும் இரண்டு நாளாக மாடாக உழைத்து முன்புறம் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

யோகப்பிரியா சுண்ணாம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘கட்டியவர்’ என்ற இடத்தில் ‘கம்பெனி’ என்று எழுதினாள். ‘வரைந்தவர்’ என்ற இடத்திலும் கம்பெனிதான். எழுத எழுத அவள் முகம் சுருங்கியது. அந்தந்த ஊர் ஆட்கள், கையில் கிடைத்ததைக் கொண்டு, வரைபடமே இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கட்டுவதைத்தான் அவளிடமிருந்த தாள் பாரம்பரியம் என்றது.

இங்கே ஒரு அறை, ஒரு நடை. சமைக்க இடமே இல்லை. அதனால்தான் கேட்டாள்.

“வெளிய... சும்மா மூணு கல்லு வச்சு...” என்று இழுத்தான் பெரியமுத்து.

அவள் நம்பவில்லை. வீட்டின் பின்பக்கம் நடந்தாள். கால் ஒரு தட்டைக்கல்லில் இடறியது.

கல் நகர்ந்தது. அடியில் வழவழவென்று ஒரு குழி.

பக்கத்துக் கல்லை நகர்த்தினாள். அங்கேயும் குழி. வீட்டுக்கு நான்கு, பத்து வீட்டுக்கும் ஒரே அளவில்.

தொலைந்தோம் என்று பெரியமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் மனைவி முப்பிடாதிதான் துணிந்தாள். “கம்பெனியக் கேக்காமக் கட்டுனதுன்னு மேனேஜர் தொரை பாத்தா ஒடச்சுப் போட்ருவாரும்மா. அதான், ஆபீசருக யாரு வந்தாலும் அடுப்படியப் பிரிச்சு தேயிலைக்குள்ள ஒளிச்சிருவோம். எங்க பாட்டன் காலத்துல இருந்தே இப்படித்தான்.”

யோகப்பிரியா குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். “இப்பக் கட்டிக் காட்டுவீங்ளா?”

முப்பிடாதி தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினாள்.

பத்து வீட்டாரும் ஓடிவந்தார்கள். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து தூண்கள் வந்தன. காட்டு ஈத்தை மூங்கிலில் பின்னிய தட்டிகள் வந்தன. தார் டிரம்மை வெட்டி விரித்த தகரங்கள் வந்தன. மருந்துக்குக்கூட ஒரு ஆணி கிடையாது. எல்லாம் கயிறுதான், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்குதான். எது எந்தக் குழிக்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இருபது நிமிடத்தில் பத்து அடுப்படி எழுந்து நின்றது.

இத்தனை வருஷமும் இதைத் திருட்டு வேலை என்றே நினைத்துச் செய்துவந்த பெரியமுத்துவுக்கு, முதல்முறையாக மார்பு நிமிர்ந்தது.

யோகப்பிரியா ‘கம்பெனி’ என்பதை ஒரே கோடாக அடித்தாள். பத்து வீட்டாரின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். லயம் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்றாள்.

கடைசியாக ஒரு இடம் காலியாக இருந்தது. ‘கட்டிய ஆண்டு.’

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: ‘பாட்டன் காலம் முதல் இன்று பகல் பதினொன்றரை மணி வரை.’

அப்போது கீழே வளைவில் துரையின் ஜீப் உறுமியது. பழக்கதோஷம், பெரியமுத்துவின் கை தானாகவே கயிற்று நுனிக்குப் போய்விட்டது.

முப்பிடாதி குனிந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.