எல்லையில் மாட்டிய பொறி

கமில் வண்டுப் பொறியைக் கம்பத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தபோது யர்மிலா வந்துவிட்டாள்.

ஒளித்துவைக்க நேரமில்லை. சூட்கேஸ் அளவுக்குப் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி அது. மார்போடு அணைத்தபடி நின்றான்.

யர்மிலா பக்கத்துக் காட்டுக்காரி. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஸ்புரூஸ் ஊசியிலை மரங்கள் தொடங்குகின்றன. ஜூலை பிறப்பதற்குள் நாற்பத்தொரு மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து சிவந்துவிட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் காபித் தூளைக் கொட்டியது போல மரத்தூள்.

கமிலின் காட்டில் இந்த வருடம் ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"கழட்டிட்டியா? ஏன்?"

"கழுவணும்," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

பொறிக்குள் தொங்குவது சின்ன வாசனைப் பொட்டலம்தான். பட்டை வண்டு தன் கூட்டத்தை அழைக்கும் வாசனை. எங்கெங்கோ இருக்கும் வண்டுகள் அதைத் தேடிப் பறந்து வரும். கொஞ்சம் பெட்டிக்குள் விழும். மற்றவை கிட்டத்தில் எந்த மரம் நிற்கிறதோ அதன் பட்டைக்குள் புகுந்துவிடும். உயிருள்ள மரத்திலிருந்து இருபது தப்படியாவது தள்ளிப் பொறியை நட வேண்டும் என்பது காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் கமில் தன் மரங்களிலிருந்து அறுபது தப்படி தள்ளி நட்டான். யர்மிலாவின் மரங்களிலிருந்து மூன்று தப்படி.

தெரிந்தேதான் நட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் தன் மேல்சரிவு முழுவதையும் வண்டுக்குக் கொடுத்தவன் அவன். இன்னொரு மொட்டைச் சரிவைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. யர்மிலாவின் கணவர் விதெக் நடமாடிக்கொண்டிருந்தால் துணிந்திருக்க மாட்டான். மார்ச் மாதம் பக்கவாதம் வந்து யிக்லாவா ஆஸ்பத்திரியில் படுத்தவர் இன்னும் வீடு திரும்பவில்லை. அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். யர்மிலாவுக்குத் தபால் நிலையத்து வேலை மட்டுமே தெரியும்.

அவள் கையிலிருந்த கூடையை ஒரு வெட்டுக்கட்டை மேல் வைத்துத் துணியை விலக்கினாள். கசகசா வைத்த கொலாச் ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"உனக்குத்தான். ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட? என் மரம் போனதுக்கு நீ எதுக்குப்பா சாப்பிடாம கிடக்குற?"

கமில் ஒன்றை எடுத்தான். வாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

"இந்தப் பெட்டி இல்லேன்னா மிச்சமும் போயிருக்கும்," என்றாள் யர்மிலா. சரிவின் மேல் பக்கம் கை நீட்டினாள். அங்கே அவளுடைய அறுபது, எழுபது மரங்கள் இன்னும் பச்சையாக நின்றன. "கழுவிட்டு அந்த நடுவுல மாட்டி விடுறியா? நானே வந்து பிடிச்சுக்கிறேன். ஏணி என்கிட்ட இருக்கு."

தலையாட்டினால் போதும். யாரும் அவனைக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும், மாட்டச் சொன்னது அவள்.

அந்த நினைப்பு வந்த மறுகணமே கையிலிருந்த கொலாச்சைக் கூடையிலேயே திருப்பி வைத்தான்.

"நடுவுல வேண்டாம்," என்றான்.

"ஏன், உனக்கு வேணுமா? அப்போ விடு. இவ்வளவு நாள் எங்களுக்கும் சேர்த்துக் காவல் வெச்சியே, அதுவே பெருசு." அவள் அவன் சட்டைக் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "ஏப்ரல்லயே பார்த்துட்டேன். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விதெக்கிட்ட சொன்னேன், கமில் நம்ம மரத்தை ஒட்டியே பொறி வெச்சிருக்கான்னு."

கமில் நிமிர்ந்து பார்த்தான்.

"அவருக்குத்தான் பேச்சே வரலையே. என் கையைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணுல தண்ணியா கொட்டுது. நர்ஸ் ஓடி வந்து படுக்க வெச்சாங்க." அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அதுக்கப்புறமும் போறப்பல்லாம் அதேதான். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

அவள் காட்டித் தந்த பச்சை மரங்களுக்குள் காற்று நுழைந்து வெளியேறியது.

கமில் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"யர்மிலா," என்றான், "அவர் சந்தோஷப்படல."