வெள்ளி அடைத்த பல்

விளக்கைத் தாழ்த்திக் கடைவாய்ப் பல்லைப் பார்த்ததுமே டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த வெள்ளியை அடைச்சது யாரு, கொத்தனாரா? ஒரே மேடும் பள்ளமுமா இருக்கு!”

“முப்பது வருஷமா உழைக்குதே, டாக்டரம்மா.”

“வெள்ளி உழைக்கும், இல்லைங்கல. ஆனா அது பல்லோட ஒட்டாது. இப்போ ஓரம் உடைஞ்சு, அடியில சொத்தை இறங்கிடுச்சு. எடுத்துட்டுப் பல் நிறத்துலயே ஒண்ணு வைக்கிறேன், அது பல்லோட ஒட்டிக்கும். இப்படியே விட்டா பல்லே போயிடும்.”

“போனா போகட்டும். இதை எடுக்க விடமாட்டேன்.”

பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“அப்படி என்னதான் இருக்கு இதுல?”

பாவம், பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பல் டாக்டர் பரீட்சைக்காக ஒரு பொண்ணு அடைச்சது. ஊசி சரியா ஏறல. பல்லைக் குடையும்போது உயிரே போச்சு. நான் கத்தியிருந்தா அவளை ஃபெயிலாக்கியிருப்பாங்க. மூச்சு விடாமக் கிடந்தேன். பாஸாயிட்டா. இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது.”

டாக்டர் அந்தக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அம்மா! அப்பா வாயைத் திறக்க மாட்டேங்கிறார். நீ அடைச்சதை நீயே வந்து எடு!”

கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள் பெரிய டாக்டர்.

“ஊசி போட்டப்புறம் மரத்துப் போச்சான்னு அவர்கிட்டக் கேக்காதே, நீயே தட்டிப் பாரு. உங்கப்பா வலிச்சாலும் சொல்லமாட்டார். அன்னிக்கு நாற்காலிக் கைப்பிடியில பதிஞ்ச நகத்தை நான் பார்த்தேனே!”

பெரியவர் வாய் தானாகத் திறந்தது.