விரலில் விழுந்த அரக்கு

ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடும் அறுவை மருத்துவர், வெளியூரில் இருக்கும் மருத்துவ நண்பருக்குக் கடிதம் சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரி தட்டிக்கொண்டிருக்கிறாள். மாலை வெயில் மேசைமேலிருக்கும் பித்தளை முத்திரையில் பட்டு மினுங்குகிறது. "நோயாளிக்கு வயசு ஐம்பத்தாறு. வலது கையில மூணு விரல் மரத்துப்போச்சு. வெளியே தெரியாம சமாளிச்சிட்டிருக்கார்." வழக்கமாக வயதோடு தொழிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறவர், இன்று சொல்லவில்லை. "தொழில் என்னன்னு போடட்டும் டாக்டர்?" என்று அவள் தலை நிமிர்கிறாள். அவரோ முடித்துவைத்த வேறொரு கடிதத்தின் உறையை வலது கையால் அழுத்திக்கொண்டு, இடது கையால் மெழுகுவத்திச் சுடரில் அரக்கை உருக்குகிறார். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. கொதிக்கும் சிவப்பு அரக்கு உறையைத் தாண்டி அவருடைய விரலிலேயே சொட்டுகிறது. மறுபடியும் சொட்டுகிறது. ரோமம் பொசுங்கும் வாடை அவள் மூக்குவரை வருகிறது. அந்தக் கை அசையவே இல்லை. அவள் அந்த விரலையே பார்க்கிறாள். "தொழிலை விட்டுடும்மா," என்கிறார் கடைசியில். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கனிவாகச் சிரிக்கிறார். "உன் தங்கச்சிக்கு ராத்திரி எதுவும் சாப்பிடக் கொடுத்துடாதே. காலையில முதல் ஆபரேஷன் அவளுக்குத்தான். பயப்படாதே, நானே பண்றேன்."