பொட்டு வைக்காத கம்ப்யூட்டர்

"பொன்னுசாமி அண்ணன்தான் சார் ஏதோ பண்ணிட்டார்! சத்தியமா சொல்றேன்!"

நான் போட்ட சத்தத்துல பட்டறையே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டுமே, எனக்கென்ன பயம்?

"பழி போடாதே ஹெப்சி. கடைசியா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணது நீதானே?" முதலாளி கலீல் சார் கேட்டார்.

"நான்தான். ஒழுங்காத்தான் ஆஃப் பண்ணிட்டுப் போனேன்."

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு, தாம்பரத்துல ரெண்டு பஸ்ஸை விட்டு மூணாவது பஸ்ல தொங்கிக்கிட்டு திருமுடிவாக்கம் வந்து சேர்றேன். சிஸ்டத்தை ஆன் பண்ணா சி.பி.யு. உர்ருன்னு ஓடுது. மானிட்டர்ல மட்டும் 'நோ சிக்னல்'. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஒயரை அழுத்திப் பாத்தேன். ம்ஹும்!

"பன்னெண்டு மணிக்குள்ள இதுல இருக்கற டிராயிங் கஸ்டமருக்கு மெயில்ல போகணும். போகலேன்னா ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடும். நீ சேந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அப்புறம் உன்னை வேலைல வெச்சுக்கறது எனக்குக் கஷ்டம்மா."

நான் அழமாட்டேன். தப்பு பண்ணினவங்கதானே அழணும்?

பூஜை அன்னிக்கு நடந்தது இதுதான். பொன்னுசாமி அண்ணன் எங்க ஃபோர்மேன். லேத்து, தகடு அமுக்குற பிரஸ், ஸ்பானர்னு ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வெச்சுட்டு, கிண்ணத்தோட என் டேபிளுக்கு வந்தார்.

"வேணாம் அண்ணா. நாங்க கிறிஸ்டியன்ஸ்."

"மொதலாளி பாய். அவரே ஒண்ணும் சொல்லல. உனுக்கு இன்னாம்மா?"

"அது அவர் இஷ்டம். இது நான் உக்கார்ற எடம்."

பொரிப் பொட்டலம்கூட வாங்காம கிளம்பிட்டேன். அந்தக் கடுப்பைத்தான் மனுஷன் இப்படித் தீத்துக்கிட்டார். வேற யாரு?

குரோம்பேட்டையிலேர்ந்து சர்வீஸ் ஷாகுல் பைக்ல வந்து சேந்தப்போ மணி பதினொண்ணு. ரேமைக் கழட்டி அழிரப்பரால தேச்சு மாட்டினார். வரல.

"பீப் சவுண்ட் ஒண்ணுதான் வருது. அப்ப கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். படம்தான் மானிட்டருக்குப் போய்ச் சேரல."

பின்னால குனிஞ்சு மானிட்டர் ஒயரைக் கழட்டினார். டார்ச் அடிச்சுப் பாத்தவர் சிரிச்சுட்டார்.

"என்ன சிஸ்டர், இதுக்குள்ளயுமா சந்தனம்?"

ஒயரைச் சொருகுற நீலக்கலர் வாய் முழுக்க சந்தனம், நடுவுல குங்குமம். காஞ்சு கெட்டியாகி அத்தனை ஓட்டையும் அடைச்சிருந்துச்சு.

கரண்டை நிறுத்திட்டு, ஊசியால நோண்டி, பழைய டூத் பிரஷ்ஷை பெட்ரோல்ல நனைச்சுத் தேச்சார். படம் வந்துடுச்சு. பதினொண்ணே முக்காலுக்கு டிராயிங்கை அனுப்பிட்டேன்.

வேலை பொழச்சுது. விட்டேனா? நேரா லேத்துக்குப் போய், நாலு பேர் பாக்க நின்னேன்.

"அண்ணா, என் சிஸ்டத்துல சந்தனம் வெச்சது யாரு?"

பொன்னுசாமி அண்ணன் மெஷினை நிறுத்தினார். "நான்தான். இன்னா இப்போ?"

கொஞ்சமாவது தயங்கணுமே? கிடையாது!

"வேணாம்னு சொன்னேன் இல்ல? உங்களால இன்னிக்கு என் வேலையே போயிருக்கும். என்மேல அப்படி என்ன வன்மம் உங்களுக்கு?"

"வன்மமா?" அவர் குரல் எறங்கிடுச்சு. "த பாரும்மா. போன வருசம் அந்தப் பிரஸ்ஸுக்கு மட்டும் பொட்டு வெக்க மறந்துட்டேன். பத்தாம் நாளு அதுல நம்ப துரைராஜுக்கு ரெண்டு வெரல் பூட்ச்சு. அவன் கையப் பாத்தா இன்னிக்கும் எனுக்குச் சோறு எறங்காது. உனுக்கு இதுல நம்பிக்கை இல்ல, சரி. எனுக்குக் கீதே! தெனிக்கும் நீ கை வெக்கிற மெஷின எப்படிம்மா சும்மா வுடுவேன்?"

என் கண்ணு தானா அந்தப் பிரஸ் பக்கம் போச்சு. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரல.

"அதுக்கு? போயும் போயும் ஒயர் மாட்டற எடத்துலயா வைப்பீங்க?"

"வேணாம்னு சொன்ன பொண்ணாச்சே, முன்னால வெச்சா மனசு நோவுமேன்னு உன் கண்ணுல படாத எடமாத் தேடி, ஒயரக் கழட்டி உள்ள வெச்சு மூடினேன். அடுத்த வருசமும் வெப்பேன். ஒயர் மாட்டாத எடமா நீயே காட்டிடு."