காசில்டாவிடம் மிஞ்சிய சொற்கள்

"காப்பி கொண்டா," என்றாள் காசில்டா.

எலாதியோ அடுப்படிக்கு ஓடினார். எழுபது தாண்டியவரின் ஓட்டம்தான். ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டே போகும்.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது அவர் மனைவி காசில்டாவின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வலது கை தொங்கிவிட்டது. வலது கால் இழுத்தது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, ஒரு காலையில், திடீரென்று "கதவைச் சாத்து" என்றாள்.

எலாதியோ போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்று அழுதார்.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. சன்னல் ஷட்டரை இறக்கு. மேசையில தட்டு வை. செருப்பை எடுத்துட்டு வா. நீலச் சட்டைக்கு இஸ்திரி போடு.

வேலை ஏவுகிற சொற்கள் மட்டும்தான். கணவன் பெயர் வரவில்லை. மகள் பெயர் வரவில்லை. பசிக்கிறது, வலிக்கிறது என்றுகூட வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் இதற்கு ஆச்சரியப்படவில்லை. நம் ஸ்பானிஷில் ஏவல் சொற்கள்தான் இருப்பதிலேயே குட்டி என்றாள். போன், வென், த்ராயெ. வை, வா, கொண்டு வா. தினமும் வீட்டில் புழங்கியவை, அதனால் தப்பிப் பிழைத்திருக்கும், இருப்பதை வைத்துத் தொடங்குவோம் என்றாள்.

எலாதியோவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதுவரை காப்பிப் பாத்திரத்தைத் திருகி மூடக்கூடத் தெரியாதவர், இப்போது சொன்னதையெல்லாம் செய்தார். இஸ்திரி போடப் போய் ஒரு காலரைக் கருக்கினார். பலென்சியா நகரத்து வெயில் அறையில் நன்றாக விழுந்துகொண்டிருக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொண்டு வந்த காப்பியை அவள் பெரும்பாலும் தொடுவதில்லை. செருப்பை எடுத்து வந்தால், அது ஏற்கெனவே அவள் காலில் கிடக்கும். நோய் செய்கிற குழப்பம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வல்லதோலித்திலிருந்து மகள் மைத்தே வந்திருந்தாள். பயறும் சொரீசோ தொத்திறைச்சியும் போட்டுச் சமைத்தாள். அப்பா அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏம்மா, இத்தனை வருஷம் இந்த அதிகாரத்தையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"சிரிக்காதடி. இப்பதான் இந்த வீட்டுக்கு ஒரு முதலாளி வந்திருக்கா," என்றார் எலாதியோ. சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பாடு முடிந்தது. தொலைக்காட்சியில் யாரோ சைக்கிள் பந்தயத்தில் மலையேறிக்கொண்டிருந்தார்கள். காசில்டா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தொண்டையை லேசாகச் செருமினாள்.

"ஆஷ்ட்ரேயைக் கொண்டா."

மைத்தே வாய்விட்டுச் சிரித்தாள். "ஆஷ்ட்ரேயா? நீ எப்பம்மா சிகரெட் பிடிச்சே?"

பாதி எழுந்த எலாதியோ, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

காசில்டா வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. பிடித்தவர் அவர்தான். மைத்தே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே விட்டும்விட்டார். வீட்டில் இப்போது ஆஷ்ட்ரேயே கிடையாது.

பேசுவதற்கு முன்னால் அந்தச் செருமல். ஆளின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொல்வது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடுவது.

அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து அதை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

நீலச் சட்டை அவள் என்றுமே வைத்திருந்ததில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் அவர் போட்டதுதான் நீலச் சட்டை.

மைத்தேயின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மேசைவிரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.

"நான் கத்தினதே இல்லையே," என்றார் எலாதியோ.

"இல்லப்பா. நீங்க கத்தினதே இல்ல."

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். ஷட்டரை மேலே தூக்கினார். மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு என்ன வேணும், காசில்டா?"

அவள் உதடு அசைந்தது. எதையோ தேடுவதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள். மைத்தே உதவிக்கு வாயைத் திறக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். காத்திருந்தார். வெயில் மேசை விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கியது.

கடைசியில் அவளது இடது கை எழுந்து வாசற்கதவைக் காட்டியது.

அவளுக்குக் கோட்டு அவரே மாட்டிவிட்டார். ஷூ கயிற்றைக் கட்டிவிட்டார். அவளது நல்ல கை தன் பக்கம் இருக்கும்படி அவர் நின்றுகொள்ள, இருவரும் லிஃப்டில் கீழே இறங்கினார்கள். வழக்கமாக மாலை நடைக்கு அவளை ஆற்றோரத்துப் பெஞ்சுக்குத்தான் கூட்டிப்போவார். அங்கிருந்து தண்ணீரைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். தெருவில் கால் வைத்ததும் அந்தப் பக்கம் திரும்பினார்.

அவர் முழங்கையைப் பிடித்திருந்த அவள் கை எதிர்ப்பக்கம் இழுத்தது.

அந்தத் தெருவில் என்னென்ன இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். ஒரு மருந்துக்கடை, ஒரு கன்னிமாடம், நூலும் பொத்தானும் விற்கிற கடை ஒன்று, கோடியில் ரயில் நிலையம். இவற்றில் காசில்டாவுக்கு எது வேண்டும் என்று தெரியவில்லை.

அவர் கேட்கவில்லை. அவள் காலை இழுத்து இழுத்து முன்னால் நடந்தாள். அவர் அரை அடி பின்னால், அவள் இழுத்த பக்கமெல்லாம் போனார்.