பவளமல்லிக்குச் சொல்லாத வார்த்தை

உலகக் குதிரைப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு தேசத்துக் குதிரைகள் விமானத்தில் வந்து இறங்கியிருந்தன. பந்தயம் புறப்படும் இடத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாக அழைத்துப்போவது குண்டப்பன் என்ற மட்டக்குதிரையின் வேலை. போகிற வழியில் குண்டப்பன் காதோரமாக ஏதோ சொல்லுவான். உடனே அந்தக் குதிரை தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கும்.

கடைசியாக நின்றவள் பவளமல்லி. சின்னப் பெண்குதிரை. தன் காதுக்கு என்ன வரும் என்று ஆசையோடு காத்திருந்தாள். ஆனால் பதினொரு தடவை நடந்து களைத்துப்போன குண்டப்பன், அவளை வாய் திறக்காமல் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தயம் தொடங்கக் கதவு திறந்ததும் அந்தக் கோபத்திலேயே பறந்தாள். ஒரு மூக்கு நீள வித்தியாசத்தில் முதலாவதாக வந்தாள்.

தோற்ற பதினொன்றும் குண்டப்பனைச் சூழ்ந்துகொண்டன.

"நான்தான் ஜெயிப்பேன்னு சொன்னியே!" என்று கத்தியது ஜப்பான் குதிரை.

"என்கிட்டயும் அதையேதான்யா சொன்னான்!" என்றது அயர்லாந்துக் குதிரை.

"இந்த வருஷம்னா சொன்னேன்?" என்று சமாளித்து அனுப்பினான் குண்டப்பன்.

கூட்டம் கலைந்ததும் கழுத்து நிறைய மாலையோடு பவளமல்லி வந்து நின்றாள்.

"ஏண்ணே என்கிட்ட மட்டும் சொல்லலே? என்னைப் பார்த்தா ஜெயிக்கிறவளாத் தெரியலையா?"

"மூச்சு வாங்குச்சு தாயி. அதான் ஜெயிச்சுட்டியே!"

"அது வேற. நீங்க சொல்லுங்க."

குண்டப்பன் அந்த மாலையை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவள் காதருகே போய், "பயப்படாதே. நீதான் ஜெயிப்பே" என்றான்.

"நெஜமாவா?" என்றாள் பவளமல்லி.