குடும்பத்துக் குடல்

“எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க டாக்டர். சின்னப் பொண்ணு, தாங்க மாட்டா.”

வெல்டர் டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். பக்கத்து நாற்காலியில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மனுஷர் அவர். போன வாரம், “வெளிய போகும்போது ரத்தம் வருதுப்பா” என்று அவள் சொன்னதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்ல பிரச்சினை இருந்துச்சா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எங்கப்பாவுக்கு. அப்புறம் எங்கண்ணனுக்கு. குடல் பூரா மொட்டு மொட்டா சதை வளர்ந்து, கடைசியில கேன்சர் ஆயிடுச்சு. அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனான்.” மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. “இதுவும் அதுதானா?”

“இருக்கலாம். வெறும் குடல் அழற்சியாவும் இருக்கலாம். அதுலயும் ரத்தம் போகும், ஆனா மருந்துல அடக்கிடலாம். அபூர்வமா ரெண்டும் சேர்ந்தும் வரும். கேமரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும். அது இருக்கட்டும், உங்களுக்கு எப்படி?”

“எனக்கென்ன? இரும்பு மாதிரி இருக்கேன்.”

“அப்பா...” என்றாள் மகள். “எனக்குப் பயமா இருக்குப்பா.”

அவ்வளவுதான். அவர் உடைந்துபோனார்.

“எனக்கும் ரத்தம் போகுது டாக்டர். ஒரு வருஷமா. சில நாள் வயித்து வலியில உயிரே போயிடும். சொன்னா அண்ணன் மாதிரி படுக்க வெச்சிடுவாங்களேன்னு வாயைத் திறக்கலை. அப்பவே வந்திருந்தா இவளையும் பார்த்திருப்பீங்க. பாவி, வியாதியையும் கொடுத்து, அதை மறைச்சும் தொலைச்சேன். என்னை விடுங்க, இவளைக் காப்பாத்துங்க. இப்பவே அட்மிஷன் போடுங்க!”

“போட்டாச்சு,” என்று எழுந்தார் டாக்டரம்மா. “வாங்க, பெட் தயாரா இருக்கு.”

வெல்டர் மகளைக் கைத்தாங்கலாகத் தூக்கப் போனார். அவளோ தானே எழுந்து, அவர் சட்டைப்பையிலிருந்த போனையும் வண்டிச் சாவியையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு ரத்தமும் வரலை, ஒண்ணும் வரலைப்பா. எனக்குன்னு சொன்னாத்தான் நீங்க இங்க வருவீங்க,” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “உங்க துணியைத் துவைக்கிறது யாரு, நான்தானே?”